அணிலை வெளியில் விடும் கூண்டு: கதவு அருமை, கண்ணாடி வீண்

கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டிக்குப் பால் புகட்டி வளர்த்தவர்களுக்காக விற்கப்படும் கூண்டு இது. வீட்டுக்குள் வைப்பதற்கல்ல. விடப்போகும் மரத்தை ஒட்டி வைத்து, 10 முதல் 14 நாள் வரை வெயில், காற்று, மற்ற அணில்களின் சத்தம் எல்லாம் பழகவிட்டு, பிறகு கதவைத் திறப்பதற்கு.

உயரம் 120 செ.மீ., அகலமும் ஆழமும் 60. இரண்டு, மூன்று குட்டிகளுக்குத் தாராளம். ஏறி இறங்கினால்தான் பின்னங்கால் உறுதிப்படும் என்பதால் உயரமாகச் செய்தது சரி. வலையும் 12 மி.மீ. சதுரக்கண் கம்பி. கோழிவலை என்றால் அணில் கடித்தே அறுத்துவிடும், குட்டியை விழுங்கும் அளவு பாம்பும் நுழையும். ஒன்று மட்டும் கவனம்: புது வலையில் துத்தநாகப் பூச்சு பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். அணில் கம்பியைக் கடிக்காமல் இருக்காது. அந்தப் பொடி நஞ்சு. வினிகரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே குட்டியை உள்ளே விடுங்கள்.

கதவுக்குத்தான் காசு கொடுக்கலாம். மேல்நோக்கி வழுக்கும் பலகை, சிறு கப்பி, நீளமான கயிறு. பத்து மீட்டர் தள்ளி மறைந்து நின்று இழுத்தால் சத்தமில்லாமல் திறக்கிறது. கதவோடு மனித முகமும் தெரிந்தால் குட்டி மரத்துக்குப் போகாது, தோளுக்குத்தான் தாவும்.

இவ்வளவு யோசித்தவர்கள் முன்பக்கம் அக்ரிலிக் கண்ணாடி வைத்தது ஏனோ! வளர்த்தவர் ஆசைதீரப் பார்ப்பதற்குத்தான் அது உதவும். வெயிலில் உள்ளே புழுங்கும், ஆள் நடமாட்டமும் பழகிப்போகும். நான்கு திருகாணிகளைக் கழற்றி அங்கேயும் வலை அடியுங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு, கூட்டுப்பெட்டியை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பது. திறக்கும் நாளில் அதே பெட்டியை, பழைய படுக்கைத் துணியோடு, மரத்தில் 3, 4 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். சொந்த வாசனை இருந்தால்தான் இரவு வந்து படுக்கும். ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, கையால் கழற்றும் போல்ட் நட்டு போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் வாய் 5 செ.மீ.; சிறிய அணிலுக்குச் சரி, வட அமெரிக்காவின் பெரிய சாம்பல் அணிலுக்கு 7.5 வேண்டும்.

கூடவே வரும் நிலக்கடலை, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நம்பி வளர்க்காதீர்கள். பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. எலும்பு மெலிந்து பின்னங்காலை இழுத்து நடக்கும். அந்த நிலையில் வெளியே விட்டால் பூனைக்கு இரைதான்.

கையேடு "சுறுசுறுப்பானதும் திறக்கவும்" என்கிறது. அது போதாது. பால் மறந்திருக்க வேண்டும், ஓடுள்ள கொட்டையைத் தானே உடைக்க வேண்டும், இலை, நார் சேர்த்துப் படுக்கை கட்ட வேண்டும், புது ஆளைக் கண்டால் ஒளிய வேண்டும். கடைசியது இல்லாவிட்டால் இன்னும் சில நாள் பொறுங்கள். காட்டு விலங்கை வைத்திருக்கப் பல நாடுகளில் அனுமதி தேவை என்பதையும் கையேடு சொல்லவில்லை.

மழை இல்லாத நாளில், காலையில் திறந்துவிட்டு அங்கிருந்து போய்விடுங்கள். பிடித்து வெளியே எடுக்க வேண்டாம்; சில குட்டிகள் மதியம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் கூண்டின் மேல்தட்டில் தீனி வையுங்கள், கையில் நீட்டாமல். அளவை நாளுக்கு நாள் குறைத்துவாருங்கள். தட்டில் வைத்தது அப்படியே கிடக்கத் தொடங்கினால் கூண்டை எடுத்துவிடலாம். பெட்டி மரத்திலேயே இருக்கட்டும்.