ஏமாந்த பணம்: போலீசா, நுகர்வோர் ஆணையமா?

மாத வட்டி ஆசையில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் எங்கே போவது? மதுரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கா?

செலவு: குற்றப்பிரிவில் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆணையத்திலும் நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கெடு: ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

பணம் வரும் வழி: விஷயமே இங்கேதான். குற்றப்பிரிவுக்குப் போனால், 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, மதுரையிலேயே உள்ள சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பிரித்துத் தருவார்கள். வருடக்கணக்கில் இழுக்கும், முழுத்தொகை சந்தேகம்தான். ஆணையம் இழப்பீட்டோடு உத்தரவு போடும். ஆனால் முதலாளி ஊரைவிட்டே ஓடியிருந்தால் அந்தத் தாளை யாரிடம் நீட்டுவது?

டெபாசிட் போட்டவர்கள் ரசீதோடு குற்றப்பிரிவுக்குப் போங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஃப்ரிட்ஜ் தராத கடை என்றால் ஆள் கண்ணெதிரே இருக்கிறார் அல்லவா, ஆணையமே போதும்.