ஒரு மாலையா, ஒரு முழு நாளா?

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு மனம் தவிக்கும் பிள்ளைக்கு எப்படி உதவுவது என்று சொல்லித்தரும் இரண்டு பயிற்சிகள் அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கின்றன. 'கியூபிஆர்' ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கேள்வி கேள், உதவி பெற இணங்க வை, உதவி செய்பவரிடம் சேர்: மூன்றே படிகள். தற்கொலை எண்ணம் மட்டும்தான் அதன் கவனம்.

'யூத் மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட்' அப்படியல்ல. 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அந்தோனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவியின் கிளை இது. ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் எல்லாம் வரும். குறை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதைத் தனிப் படியாகவே வைத்துப் பழக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிள்ளை வாய் திறந்ததுமே நாம் அறிவுரைக்குத் தாவிவிடுகிறோம். எத்தனை பேச்சு அங்கேயே நின்றுபோகிறது!

சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கச் சொல்வதில் இரண்டும் ஒன்றுதான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

சரி, எதைத் தேர்வது? ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் கியூபிஆர். ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர் என்றால் முழு நாளையும் கொடுக்க வேண்டும். பிள்ளை தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு ஒதுங்கும்போதே பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.