மூணு இஞ்ச் இன்டேக் கிட்: ரீமேப் செய்யாமல் மாட்டினால் என்ன ஆகும்?

கோயம்புத்தூர் கடைகளிலும் ஆன்லைனிலும் 'யுனிவர்சல்' என்று விற்கும், கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் பதிலாக மாட்டும் கோல்டு ஏர் இன்டேக் கிட்டில் 76 மி.மீ. அலுமினியக் குழாய், எண்ணெய் தடவிய பருத்தித் துணிக் கூம்பு ஃபில்டர், சிலிகான் கப்ளர்கள், கிளாம்புகள், சென்சாரைப் பொருத்த ஒரு அடாப்டர் இருக்கும். வாளையார், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதை வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஈசியூவை (என்ஜினை நடத்தும் கணினி) ரீமேப் செய்யாமல், அதாவது அதன் கணக்கு அட்டவணையை மாற்றி எழுதாமல், ஓட்டலாமா?

அது வண்டியின் சென்சாரைப் பொறுத்தது. ஃபில்டர் பாக்ஸுக்கு அடுத்த குழாயில் சென்சார் எதுவும் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) மேப் சென்சார் என்ற அழுத்த சென்சார் மட்டும் இருந்தால் குழாயின் அளவு கணக்கைக் கெடுக்காது. ஈசியூ அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. ஆனால் வெப்ப சென்சார் பழைய பாக்ஸில் இருந்தால் அதைப் புதிய குழாயில் ரப்பர் குரோமெட் போட்டு உட்கார வைக்க வேண்டும். ஒயரோடு தொங்கவிட்டால் என்ஜின் அறையின் சூட்டைப் படித்து ஈசியூ தவறாகக் கணக்குப் போடும்.

உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில்தான் சிக்கல். அந்தச் சென்சார் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. குழாயின் நடுவே ஓடும் காற்றின் ஒரு சிறு பங்கை மட்டும் அளந்து, குழாயின் உள்விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் மீதியை ஈசியூ பெருக்கிக்கொள்கிறது. சென்சார் உட்கார்ந்திருக்கும் கம்பெனி ஹவுசிங்கின் (குழாய்த் துண்டு) உள்விட்டம் 66 மி.மீ. என்று வையுங்கள். கிட்டில் சொல்லும் 76 வெளிவிட்டம், 2 மி.மீ. தகடு என்றால் உள்ளே 72. பரப்பு 19 சதவீதம் கூடிவிட்டது. உள்ளே 100 கிராம் காற்று போனால் ஈசியூவுக்குத் தெரிவது 84 கிராம். பெட்ரோலும் 84-க்குத்தான் ஊற்றும், கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. வாங்கும் முன் வெர்னியர் வைத்து உள்விட்டத்தை அளக்காதவர் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கிறார்.

மெதுவாக ஓட்டும்போது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இந்தக் குறையை ஈசியூ ஈடுகட்டிவிடும். மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நின்றுவிடும். அதுவரை கற்ற திருத்தத்தைச் சில ஈசியூ அங்கேயும் சேர்க்கும், சில சேர்க்காது. நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டுவது), அதைத் தடுக்க ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும் டைமிங் பின்வாங்கல், பிக்கப் குறைவு எல்லாம் அங்கே தொடங்கும். டீசல் வண்டியில் விளைவு வேறு: காற்று குறைவு என்று நம்பி ஈசியூ டீசலையே குறைத்துவிடும், இழுவை போய்விடும்.

தீர்வு எளிது. கம்பெனி மாஃப் ஹவுசிங் தனித் துண்டாக இருந்தால் அதை அப்படியே எடுத்துப் புதிய குழாய்க்கும் ஃபில்டருக்கும் நடுவே கப்ளர் போட்டுச் சொருகுங்கள். உள்விட்டம் மாறாததால் ரீமேப் தேவையில்லை. ஹவுசிங்கில் தேன்கூடு வலை இருந்தால் கழற்றாதீர்கள், அம்புக்குறி என்ஜின் பக்கம் இருக்கட்டும். சென்சாருக்கு நேர்முன்னால் வளைவு வேண்டாம். காற்று சுழன்று வந்தால் ஐடிலில் அளவு ஆடும். ஹவுசிங் பாக்ஸின் மூடியோடு ஒட்டியிருக்கும் வண்டிக்கு இந்த யுனிவர்சல் கிட்டைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மாட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிரீதர் குழாயை (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்) மறக்காமல் இணையுங்கள். அதற்கான கிட்டின் முனை சின்னதாக இருந்தால் அடைத்துவிடாமல் சரியான அளவு முனை போடுங்கள். மாஃப்க்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் அளக்காத காற்று உள்ளே போகும்.

சரிபார்க்க, வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகி ஈசியூவின் அளவுகளை போனில் காட்டும் ஒரு ஓபிடி டாங்கிள் போதும். மாட்டும் முன்பே லாங் டெர்ம் ஃபியூல் டிரிமை (ஈசியூ கற்றுவைத்த பெட்ரோல் திருத்தத்தின் சதவீதம்) குறித்து வையுங்கள், மாட்டி 100 கிலோமீட்டர் ஓட்டியபின் ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் மறுபடி பாருங்கள். 5 சதவீதத்துக்குள் மாறினால் கவலையில்லை, 10-ஐத் தாண்டினால் கழற்றுங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து வேகம் கூடக் குறைந்தால் எங்கோ காற்றுக் கசிவு. எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடியிருந்தால் குழாயின் விட்டம்தான் காரணம். 'செக் என்ஜின்' விளக்கு எரிந்து பி0171 (கலவை லீன் என்ற பிழைக் குறியீடு) வரும்வரை காத்திருப்பது தவறு. அதற்கு வெகு முன்பே கலவை கெட்டிருக்கும்.

அடுத்தது சூடு. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். கிட்டில் தடுப்புத் தகடு இல்லாததால் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று சூட்டுக் காற்றையே இழுக்கும். வெளியே 38 டிகிரி, ஃபில்டர் அருகே 60 என்றால் காற்றின் அடர்த்தி 6 முதல் 7 சதவீதம் போய்விடும். அட்டப்பாடி சுரத்தில் செகண்ட் கியரில் ஊர்ந்து ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். மூன்று பக்கமும் தகடு, மேலே பானெட்டோடு ஒட்டும் ரப்பர், முன்னால் கிரில்லிலிருந்து ஒரு குழாய், இவை இல்லாத கிட்டுக்கு 'கோல்டு ஏர்' என்ற பெயர் பொருந்தாது.

சூடு வேண்டாம் என்று ஃபில்டரைப் பம்பருக்குள் இறக்குகிறவர்கள் இடவப்பாதியை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) நினைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை ஒரு மடக்கு உறிஞ்சினாலே கனெக்டிங் ராடு வளையலாம். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஃபில்டரைக் கழுவினால் நிழலில் முழுக்கக் காயவிட்டு எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். கூடிப்போனால் மாஃப் சென்சாரில் படிந்து அளவைக் குறைக்கும். அதைத் துடைக்க மாஃப் கிளீனர் மட்டும்தான், கார்புரேட்டர் கிளீனர் கூடாது.

பலன் என்று பார்த்தால் சத்தம் நன்றாக இருக்கிறது. சின்ன பெட்ரோல் என்ஜினில் சக்தி கூடுவது உணர முடியாத அளவு. அந்தப் பணத்துக்குக் கம்பெனி பாக்ஸிலேயே நல்ல பேனல் ஃபில்டர் போடுவது மேல். சட்டத்தையும் பாருங்கள்: கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது கேரள வழக்கொன்றில்தான். மாட்டியே தீருவேன் என்பவர்கள் பழைய பாக்ஸ், குழாய், கிளிப் எதையும் தூக்கிப் போடாமல் ஒரே பையில் கட்டி வையுங்கள்.