பலென்சியாவா, எப்ரோ டெல்டாவா, குவாதல்கிவிர் கரையா? ஸ்பெயினின் சமவெளிகளில் ரோடு பைக்

ஏற்றமே இல்லாத சாலையில் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்று சொல்பவர்களை, மேற்குக் காற்று அடிக்கும் நாளில் ஃப்ரோமிஸ்தாவிலிருந்து காரியோன் தே லோஸ் கோந்தேஸ் வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மொத்தம் 20 கிலோமீட்டர்தான். பி-980 என்ற அந்தச் சாலை நூல் பிடித்த மாதிரி போகிறது. அதை ஒட்டியே சாந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதை. முதல் தடவை எனக்கு அந்த 20 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கோதுமைக் கதிர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. காதுக்குள் இரைச்சல். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. ஆனால் திரும்பி வரும்போது அதே சாலை முக்கால் மணியில் முடிந்துவிட்டது, அதிகம் மிதிக்கவே இல்லை.

அதனால் ஸ்பெயினின் சமவெளிப் பாதைகளை ஒப்பிடும்போது நான் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதில்லை. காற்று எப்படி, தண்ணீர் எங்கே, எந்த மாதம் என்ற மூன்றைத்தான் பார்ப்பேன். ஆற்றோரமும் வயலோரமுமாக ஓட்ட மூன்று இடங்களைச் சொல்லலாம்: வடக்கே பலென்சியா மாகாணத்தின் தியெர்ரா தே காம்போஸ், கிழக்கே கத்தலோனியாவின் தென்கோடியில் எப்ரோ டெல்டா, தெற்கே கோர்தோபாவுக்கும் செவியாவுக்கும் நடுவில் குவாதல்கிவிர் ஆற்றங்கரை.

முதலில் காற்று. தியெர்ரா தே காம்போஸ் கடல் மட்டத்திலிருந்து 700 முதல் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுச் சமவெளி. கோதுமை, பார்லி, குதிரைமசால், ஆங்காங்கே சூரியகாந்தி. காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. பக்கக்காற்று அடிக்கும்போது பந்தய வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டி ஒருவர் மறைவில் ஒருவர் ஓட்டுவார்கள். அந்த வரிசைக்கு ஸ்பானிய மொழியில் 'அபானிகோ' என்று பெயர், கைவிசிறி என்று அர்த்தம். ஸ்பெயினில் மூன்று வாரம் நடக்கும் வுயெல்தா சைக்கிள் பந்தயத்தில், 2019இன் 17ஆவது கட்டம், அராந்தா தே துவேரோவிலிருந்து குவாதலஹாரா வரை 219.6 கி.மீ., இதே காஸ்தீலிய மேட்டுநிலத்தில்தான் நடந்தது. காற்றில் வீரர்களின் கூட்டம் துண்டு துண்டாகச் சிதறியது. வென்ற ஃபிலிப் ஜில்பேரின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். தனியாக ஓட்டும் நமக்கு விசிறி வரிசை எல்லாம் அமையாது. காற்றைப் பார்த்துப் பாதையைத் திருப்பிக்கொள்வது ஒன்றுதான் வழி.

எப்ரோ டெல்டாவிலும் காற்று பலமாகத்தான் இருக்கும். ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கி வரும் காற்றுக்கு அரகோனில் 'சியெர்சோ' என்று பெயர், கடலோரத்தில் 'மெஸ்த்ரால்'. குளிர்காலத்தில் அது தொடங்கினால் நாள்கணக்கில் நிற்காது. ஆனால் டெல்டாவில் ஒரு சலுகை உண்டு. சுற்று சின்னது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலை திரும்பிவிடும். எதிர்காற்றில் ஒரே நீட்டாக இரண்டு மணி நேரம் தவிக்க வேண்டியதில்லை. குவாதல்கிவிர் கரையில் இந்த இரண்டு இடத்து அளவுக்குக் காற்றின் தொல்லை எனக்கு இருந்ததில்லை. சாலையின் பல பகுதிகளில் ஆரஞ்சுத் தோட்டங்களே வேலி மாதிரி நிற்கின்றன. அங்கே எதிரி வெயில். 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தின் லா ராம்ப்லாவில் 47.6 டிகிரி பதிவானது, அது ஸ்பெயினின் அதிகாரபூர்வ உச்சம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் சைக்கிளோடு போக வேண்டாம் என்பேன்.

அடுத்தது தண்ணீர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பலென்சியாதான், காரணம் காஸ்தீலியா கால்வாய். 1753இல் வெட்ட ஆரம்பித்து 1849 வரை இழுத்த வேலை, மொத்தம் 207 கிலோமீட்டர். உள்நாட்டுக் கோதுமையை வடக்குக் கடற்கரையின் சாந்தாந்தேர் துறைமுகத்தை நோக்கிப் படகில் அனுப்ப வேண்டும் என்பது திட்டம். குறுக்கே மலை. கால்வாய் ஆலார் தெல் ரேயோடு நின்றுவிட்டது. வேலை முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, ரயில் வந்து அதன் பிழைப்பைப் பறித்துக்கொண்டது. ஆனாலும் தண்ணீர் இன்றைக்கும் ஓடுகிறது, வயலுக்குப் பாய்கிறது, ஊர்களுக்குக் குடிநீராகிறது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்த அதே தடத்தில் இப்போது சைக்கிள் போகலாம். ஃப்ரோமிஸ்தாவில் நான்கு படகு மதகுகள், அதாவது தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டிகள், அடுத்தடுத்துப் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன, மொத்தம் 14 மீட்டர். ஒவ்வொன்றும் முட்டை வடிவத்தில் கல்லால் கட்டிய தொட்டி. கல் விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. ஊர்க் கோயில் கோபுரத்தில் செங்கால் நாரைகள் அலகால் தாளம் போடும். வயலுக்குள் அதிர்ஷ்டம் இருந்தால் அவுதார்தா தென்படும், நம் கானமயிலின் உறவுப் பறவை.

ஒரு எச்சரிக்கை: கழுதைத் தடம் சரளை. 25 மி.மீ. டயரோடு அதில் இறங்கினால் கை மரத்துப்போகும். 32 இருந்தால் தடத்திலேயே போகலாம். குறைவு என்றால் தார்ச்சாலையில் ஓட்டிவிட்டு, மதகு இருக்கும் இடங்களில் மட்டும் கரைக்கு வாருங்கள்.

டெல்டாவின் தண்ணீர் வேறு மாதிரி, அது வயலுக்குள்ளேயே நிற்கிறது. சுமார் 320 சதுர கிலோமீட்டர் டெல்டாவில் பெரும்பங்கு நெல். ஏப்ரலில் மடை திறப்பார்கள். நாற்று நடுவது இல்லை, நேரடி விதைப்புதான். பயிர் தலைகாட்டும் முன் மே தொடக்கத்தில் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு கார் அகலத்துக்குச் சாலை, வானம் காலுக்குக் கீழேயும் தெரியும். என்கான்யிசாதா ஏரிப் பக்கம் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். நெல் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த வரப்பும் வாய்க்காலும் சேற்று வாசனையும் உடனே பழகிவிடும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த நிலம் இருக்கும் நிலை வருத்தமானது. மேலே கட்டிய அணைகள் வண்டலை நிறுத்திவிட்டன, கீழே கடல் அரிக்கிறது. 2020 ஜனவரியில் வந்த குளோரியா புயலில் கடல்நீர் வயல்களுக்குள் புகுந்தது, மெலிந்த த்ராபுகாதோர் மணல்திட்டு உடைந்தது. வரைபடத்தில் இருக்கும் சில கடலோரப் பாதைகள் தரையில் இல்லாமல் போகலாம். கடற்கரைப் பக்கம் போகும் முன் ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள்.

குவாதல்கிவிர் என்ற பெயரே அரபியில் பெரிய ஆறு என்றுதான் பொருள். ஆனால் கோர்தோபாவிலிருந்து ஏ-431 சாலையில் போகும்போது ஆறு அடிக்கடி கண்ணுக்குப் படுவதில்லை, தோட்டங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஆற்றோரம் என்று எதிர்பார்த்துப் போனால் இது ஏமாற்றம். மற்றதில் ஈடு செய்துவிடும். ஊர் தாண்டியதும் மதீனா அஸாஹரா என்ற பழைய அரபு அரண்மனை நகரத்தின் இடிபாடுகள், அப்புறம் குன்றின் மேல் அல்மோதோவார் கோட்டை, பால்மா தெல் ரியோவை நெருங்கும்போது ஆரஞ்சு. மார்ச் கடைசியில் பூ விரியும் சமயம் அந்த வாசனை பல கிலோமீட்டருக்கு விடாமல் கூடவே வரும். செவியா வரை சுமார் 140 கி.மீ., ஒரே நாளில் முடிக்கலாம், இரண்டாகப் பிரிப்பது நல்லது. அங்கே எனக்கு இரண்டு பஞ்சர். டயரைத் தடவிப் பார்த்தால் நெருஞ்சி முள். சாலை ஓரத்து மண்ணில் ஒதுங்கி நின்றபோது ஏறியிருக்கிறது. இரண்டு ட்யூப் கொண்டு போங்கள்.

போக்குவரத்தில் டெல்டாவின் சிற்றூர்ச் சாலைகளுக்கே முதல் இடம். செப்டம்பர் அறுவடையில் மட்டும் டிராக்டர்கள் சேற்றை இழுத்துவந்து தாரில் அப்பிவிடும், நனைந்தால் வழுக்கும். பலென்சியாவில் ஏ-67 விரைவுச்சாலை வந்தபிறகு பழைய என்-611 காலியாகிவிட்டது. அகலமான சாலை, எப்போதாவது ஒரு வண்டி. ஏ-431இல் பழ லாரிகள் உண்டு, மூன்றில் நெரிசல் அதிகம் இதுதான். சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம். நான் பார்த்தவரை பெரும்பாலான ஓட்டுநர்கள் விடுகிறார்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

சாப்பாடு, குடிதண்ணீர் விஷயத்தில் பலென்சியாவுக்குத்தான் முன்யோசனை தேவை. பச்சைமண் செங்கல்லில் கட்டிய கிராமங்கள், பாதி வீடுகளில் ஆளில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கடை சாத்தியிருக்கும். ஊர்க் குழாயைக் கண்டால் பாட்டிலை நிரப்பிவிடுங்கள், அடுத்த ஊர் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். டெல்டாவில் தெல்தெப்ரே, அம்போஸ்தா என்று எப்போதும் ஒரு ஊர் பக்கத்தில் இருக்கும், சோறும் மீனும் பிரமாதம். கோடையில் கொசு பிடுங்கும், அவ்வளவுதான்.

யாருக்கு எது? பிள்ளைகளோடு போகிறீர்கள், அல்லது ரோடு பைக்குக்குப் புதிது என்றால் யோசிக்காமல் டெல்டா. லால்தேயா ரயில் நிலையத்தில் இறங்கி, அம்போஸ்தா, போப்ளெநோவ், சாந் ஜாவுமெ, 2010இல் திறந்த பாலத்தின் வழியே தெல்தெப்ரே என்று ஒரு சுற்று, 50 முதல் 60 கி.மீ. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் நேரம் கிடைக்கும் என்றால் குவாதல்கிவிர். வடக்கே அப்போது குளிர் விடாது, டெல்டா வயல்களும் காய்ந்து கிடக்கும்.

எனக்கு மறுபடி மறுபடி போகத் தோன்றுவது பலென்சியா. அந்த வெறுமையில் 90 கிலோமீட்டர் ஓட்டினால் தலைக்குள் இருக்கும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. மற்ற இரண்டு இடத்திலும் அப்படி நடக்கவில்லை. போவதாக இருந்தால் மே கடைசி: கோதுமை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும், ஓரமெல்லாம் சிவப்பு பாப்பிப் பூ. பலென்சியா, ஃப்ரோமிஸ்தா, காரியோன், மறுபடி பலென்சியா என்று முக்கோணமாகச் சுற்றலாம். காலையில் கிளம்பும் முன் தெருவில் ஏதாவது கொடி பறக்கிறதா என்று பாருங்கள். மேற்கிலிருந்து அடித்தால் முதலில் காரியோன், கிழக்கு என்றால் முதலில் ஃப்ரோமிஸ்தா. பி-980 சாலைக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வந்து சேருங்கள்.