தாவணியா, சுடிதாரா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அம்மாக்களின் தலைமுறைக்கு வெள்ளையும் நீலமுமாகப் பாவாடை தாவணி. இன்றைய மாணவிகளுக்குச் சுடிதார், மேலே ஒரு கோட்.

தாவணி அழகுதான். அக்காவுடையது தங்கைக்கும் ஆகும். பாவாடையில் மடித்துத் தைத்த டக்கைப் பிரித்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஆனால் தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு. கோ-கோ ஆடும்போது ஒரு கை முந்தானையிலேயே இருக்கும். சைக்கிள் செயினில் பாவாடை ஓரம் சிக்கினால் கிரீஸ் கறை போகவே போகாது.

என் ஓட்டு சுடிதாருக்குத்தான். 11-ஆம் வகுப்பில் அரசு தரும் இலவச சைக்கிளைப் பயமில்லாமல் மிதிக்கலாம், ஓடலாம். கோட் இருப்பதால் துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தும் வேலையும் மிச்சம். சித்திரை வெயிலில் அந்தக் கோட் புழுங்கத்தான் செய்யும். அதற்காவது நல்ல பருத்தித் துணி கொடுக்க வேண்டும்.

பையன்களுக்கு அரைக்கால் சட்டை முழுக்கால் சட்டை ஆனது, அவ்வளவுதான்.