கடற்கரை நிழலுக்குக் குடையா, கூடாரமா?

சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கிளம்பும்போது எதைத் தூக்கிப் போவது?

நிழல்
குடை: மேலிருந்து வரும் வெயிலை மட்டும் தடுக்கும். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; அது பக்கவாட்டில் வந்து சேரும். நிழல் நகர நகரப் பாயையும் இழுக்க வேண்டும்.
கூடாரம்: மூன்று பக்கமும் மறைப்பு. யுபிஎஃப் 50+ (யுபிஎஃப் என்பது துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) துணி வழியே அந்தக் கதிரில் 2 சதவீதத்துக்கு மேல் நுழையாது.

காற்று
குடை: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கம்பைச் சும்மா செருகினால் நிற்காது. முன்னும் பின்னும் ஆட்டி, குறைந்தது 45 செ.மீ. இறக்கி, சுற்றிலும் ஈர மணலைப் போட்டு மிதியுங்கள். குடையின் தலை காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் காற்று அடியில் புகுந்து கம்போடு பிடுங்கி எறியும். அந்தக் கூர்முனை குழந்தைகள் பக்கம் பறந்தால் சொல்லவே வேண்டாம்.
கூடாரம்: மூலைப் பைகளில் மணலை முழுக்க நிரப்புங்கள். குட்டை முளைகள் உலர்மணலில் பிடிக்காது.

வெக்கை
குடை: தொல்லையில்லை.
கூடாரம்: பின்சன்னலைத் திறக்காவிட்டால் புழுங்கும். தூங்கும் குழந்தையின் பின்கழுத்தை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். சூடாகவோ வியர்த்தோ இருந்தால் வெளியே தூக்குங்கள்.

மடக்குவது
குடை: ஒரு நிமிடம்.
கூடாரம்: தானாக விரியும் வகை நொடியில் விரியும், எட்டு வடிவில் முறுக்கி மடக்குவதற்குள்தான் உயிர் போகும். வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையோ பகல் தூக்கமோ இருந்தால் கூடாரம். ஓடியாடும் பிள்ளைகளோடு ஓரிரு மணி நேரம் என்றால் குடை. காற்று பலத்தால் எதுவானாலும் மடக்கிவிடுங்கள்.