டிரெய்லர் இழுக்கும் குடும்ப வண்டி: ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர், கிரிஸ்டா

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர்த் தோட்டமும் தேனீ வளர்ப்பும் வைத்திருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு பெரிய வண்டி தேவைப்படும்போது, அந்த ஒன்றிடமே இரண்டு வண்டிகளின் வேலையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டுக்கு ஏழு பேரை ஏற்றிச் செல்லும் அதே வண்டிதான் மறுநாள் ரப்பர் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ரப்பர்ப் பால்) குலசேகரத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஒட்டுப்பாலை ஒருமுறை வண்டிக்குள் ஏற்றியவர்களுக்கு அந்த நாற்றம் எத்தனை நாள் இருக்கையை விட்டுப் போகாது என்பது தெரியும். தேனீப் பெட்டிகளை உள்ளே வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பயணம் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆகவே பின்னால் ஒரு சிறிய இரண்டு சக்கர டிரெய்லர் என்று முடிவாயிற்று. அதை இழுக்க எந்த வண்டி என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட விடை மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என், டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கர இயக்க வகை. கடைசிவரை அதோடு போட்டியில் நின்றவை டொயோட்டாவின் ஃபார்ச்சூனரும் இன்னோவா கிரிஸ்டாவும்.

டாடா சஃபாரி, எக்ஸ்.யூ.வி. 700, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றை நாங்கள் முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். குடும்பத்துக்கு அவை நல்ல வண்டிகள். சாலையில் அவற்றின் சொகுசு கடைசிவரை போட்டியில் நின்ற மூன்றிலும் கிடையாது. ஆனால் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் இரும்புச் சட்டகம், இல்லாமல் உடலும் தளமும் ஒன்றாகவே இணைத்துக் கட்டப்பட்ட வண்டிகள் அவை. சஃபாரியிலும் ஹைகிராஸிலும் முன்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவிசை செல்கிறது. டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வண்டியின் கொக்கியின் மீது அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 கிலோ, அதுவும் பின் அச்சுக்கு வெகு பின்னால். அந்த எடை பின்புறத்தை அழுத்தி முன்புறத்தைத் தூக்கும். ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் பாரம் பின்னுக்குப் போகும். மழைக்காலச் செம்மண்ணில் முன்சக்கரம் வெறுமனே சுழலும். எக்ஸ்.யூ.வி. 700-ல் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகை உண்டு என்றாலும், கீழே நான் விரிவாகச் சொல்லப்போகும் லோ கியர் அதில் இல்லை. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்-அப் வண்டிகள் இழுப்பதில் சூரர்கள். ஆனால் ஐந்து பேருக்கு மேல் இடமில்லை. ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் பாரம் ஏற்றுபவர்கள் எதையும் வாங்காமல் குட்டி யானையை வாடகைக்குப் பிடிப்பதே லாபம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் பலத்தில் மூன்றுமே போதும். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் 150 குதிரைத்திறனும் 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஸ்கார்ப்பியோ-என்னின் 2.2 லிட்டர் எஞ்சின் 175 குதிரைத்திறன், மேனுவலில் 370, ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர். ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் எஞ்சின் 204 குதிரைத்திறன், மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500. மூன்றுக்கும் தனிச் சேசிஸ் உண்டு. மூன்றும் ஏழு பேரைச் சுமக்கும். விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: நான்கு சக்கர இயக்க ஃபார்ச்சூனர் ஒன்றின் விலையில் ஏறக்குறைய இரண்டு ஸ்கார்ப்பியோ-என் வாங்கிவிடலாம்.

பலம் போதும் என்றால் எதை வைத்துத் தீர்மானிப்பது? கிளட்சை வைத்துத்தான். டிரெய்லர் இழுப்பது என்றதும் எல்லோரும் நான்குவழிச் சாலையில் பாரத்தோடு வேகமாகப் போவதையே கற்பனை செய்கிறார்கள். எங்கள் வேலையில் கடினமான பகுதி வீட்டு முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய தூரம்தான். அருமனை, களியல், கடையாலுமூடு பக்கத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சரிவில் தட்டுத் தட்டாக வெட்டிய நிலம், ஒரு வண்டி மட்டும் செல்லும் பாதை, முடிவில் திருப்ப இடமில்லை. டிரெய்லரைப் பெட்டிகள் இருக்கும் இடம்வரை, அல்லது ஷீட்டைப் புகைபோடும் கொட்டகைவரை, பின்னோக்கித்தான் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். பல இடங்களில் அது ஏற்றமும்கூட. டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி மிக மெதுவாக நகர வேண்டும், ஏனெனில் டிரெய்லர் ஸ்டியரிங் திருப்பும் திசைக்கு எதிராக ஒடியும், ஒடிந்த பிறகு திருத்துவதற்கு நேரம் கிடைக்காது.

சாதாரண ரிவர்ஸ் கியரில், கிளட்சை முழுவதும் விட்டால், வண்டி ஓர் ஆள் விரைந்து நடக்கும் வேகத்தில் பின்னால் போகும். இந்த வேலைக்கு அது மிக அதிகம். ஆகவே ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்து, வழுக்க விட்டு, வேகத்தைக் குறைக்கிறார். அந்த வழுக்கல் முழுவதும் கிளட்ச் பிளேட்டில் உராய்வாகவும் சூடாகவும் மாறுகிறது. பாரத்தோடு ஏற்றத்தில் சில நிமிடம் இப்படிப் பிடித்தாலே கருகிய வாடை வரும். மார்த்தாண்டத்தில் எங்கள் பழைய வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் இதை ஒரே வரியில் சொன்னார்: "அண்ணே, பிளேட்டைக் கம்பெனி தேய்க்கல, உங்க காலுதான் தேய்க்குது." கிளட்ச் மாற்றுவது என்றால் பிளேட்டோடு நிற்பதில்லை, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூடவே பிரஷர் பிளேட், பேரிங், சில வேளை ஃப்ளைவீல் என்று செலவு நீளும்.

லோ கியர் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. நான்கு சக்கர இயக்க ஸ்கார்ப்பியோ-என்னிலும் ஃபார்ச்சூனரிலும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அதை லோவுக்கு மாற்றினால் ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இறங்கிவிடும். இப்போது கிளட்சை முழுவதும் விட்டுவிடலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கிலேயே வண்டி மெல்ல அடியெடுத்து வைப்பதுபோல் நகரும், வழுக்கலும் இல்லை, வாடையும் இல்லை. இறக்கத்திலும் இதே பயன்தான். பாலமோர், கீரிப்பாறை போன்ற மலைச்சரிவுகளின் மண்பாதைகளில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது, பிரேக்கை நம்பாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்.

தேனீக்களுக்கும் இதில் பங்குண்டு. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் தை, மாசி, பங்குனி மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்காகப் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டு போகிறோம். தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய பிறகு, இரவில் வாசலை அடைத்துத்தான் பெட்டியை எடுக்க முடியும். பெட்டிக்குள் தேனடை தொங்கும் சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி பெட்டிகளை அடுக்குவோம், அப்போதுதான் வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் அடை பக்கவாட்டில் ஊசலாடாது. எப்படி அடுக்கினாலும், கிளட்சைப் பாதியில் பிடித்து விட்டு விட்டுக் குதித்து நகரும் வண்டியில், புதிதாகக் கட்டிய அடை சட்டத்திலிருந்து இற்று விழும். அடுத்த நாள் காலை திறந்து பார்த்தால் அடியில் தேனும் செத்த தேனீயும் குழம்பாகக் கிடக்கும். லோ கியரில் நகரும் வண்டியில் அந்தக் குலுக்கல் இல்லை.

ஒரு எச்சரிக்கை அவசியம். இந்த இரண்டு வண்டிகளிலும் முன் அச்சும் பின் அச்சும் லோ கியரில் ஒரே வேகத்தில் இறுக்கப்படுகின்றன. காய்ந்த தார்ச்சாலையிலோ சிமெண்ட் தளத்திலோ அந்த நிலையில் வளைத்துத் திருப்பினால் இயக்கத் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் சற்று வழுக்க இடம் தரும் மண், சரளை, ஈரப்புல் ஆகியவற்றில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கிரிஸ்டா தோற்றது லோ கியர் என்ற இந்த ஒரே இடத்தில்தான். பின்சக்கர இயக்கம் என்பதால் இழுப்பதற்கு அதன் அடிப்படை சரியானது. மூன்றாம் வரிசையில் வளர்ந்தவர்கள் உண்மையிலேயே உட்காரக்கூடியது மூன்றிலும் அது ஒன்றுதான். விற்கப் போனால் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையிலிருந்தும் ஆள் தேடி வருவார்கள். தோட்டம் சமதளத்தில் இருப்பவர்கள், அல்லது தோவாளைப் பக்கம் வயலும் வாழையும் வைத்திருந்து சாலையோரத்திலேயே பாரம் ஏற்றுபவர்கள், யோசிக்காமல் கிரிஸ்டாவை வாங்கலாம். 2023-ல் மறுபடி வந்தபோது டீசல் மேனுவலாக மட்டுமே வந்தது. லோ கியரும் இல்லை, ஆட்டோமேட்டிக்கும் இல்லை என்பதால் எங்கள் சரிவில் அதன் கிளட்ச் மட்டுமே எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருக்கும்.

ஃபார்ச்சூனரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா அதற்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், 3,100 கிலோ வரை அனுமதிக்கிறது. அங்கே விற்கும் ஸ்கார்ப்பியோவுக்கு 2,500 கிலோ. இந்த எண்கள் அந்த நாட்டு வண்டிக்கும் கொக்கிக்கும் உரியவை. அவற்றை நம் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பட்டறை டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அத்தகைய டிரெய்லருக்கு அங்கே பொதுவாக விதிக்கும் 750 கிலோவை உச்சமாகக் கொண்டு, அதற்கும் கீழே நிற்பதே எங்கள் வழக்கம். இருந்தாலும் எது கூடுதல் வலிமையுடையது என்பதை அந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, ஆடிக்காற்று பக்கவாட்டில் அறையும்போது காலி டிரெய்லர்கூட வாலாட்டும். உறவினரின் ஃபார்ச்சூனரில் அந்த வழியாகச் சென்றபோது அதன் எடை தந்த நிதானத்தை உணர்ந்தேன். ஸ்கார்ப்பியோ-என்னில் அங்கே வேகத்தை நான் இன்னும் குறைத்துக்கொள்கிறேன். பாரத்தைச் சற்றே முன்னுக்குத் தள்ளி அடுக்கினால் ஆட்டம் குறையும். ஆடத் தொடங்கிய பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆபத்து. ஆனால் வாரத்தில் பல நாள் செம்மண்ணிலும் முள்ளிலும் உரசப்போகும் வண்டிக்கு இரு மடங்கு பணம் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. மைனி (அண்ணி) மட்டும் ஃபார்ச்சூனரின் பக்கம் நின்றார், இன்றும் நிற்கிறார்.

வாங்கிய வண்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்கார்ப்பியோ-என் 1,917 மில்லிமீட்டர் அகலம், ஃபார்ச்சூனரைவிட ஆறு சென்டிமீட்டர் கூடுதல். திற்பரப்பு போகும் குறுகிய சாலைகளில் எதிரே பேருந்து வந்தால் அந்த ஆறு சென்டிமீட்டர் தெரியும். மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கு மட்டுமே. அதை விரித்தால் பின்னால் ஒரு சாக்குப் பை வைக்கவும் இடம் போதாது, மடித்தாலும் தரையோடு தரையாகப் படியாது. பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால், டிரெய்லர் பூட்டியிருக்கும்போது அதன் ஜாக்கிக் கைப்பிடியில் இடிக்கிறது. கைப்பிடியை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்கிறது. டீசல் புகையின் மாசைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஆட்டோமேட்டிக் வகையில் கிளட்ச் பிளேட் பிரச்சினையே எழாது என்பது உண்மை. ஆனால் அதைப் பாரத்தோடு நீண்ட ஏற்றத்தில் நான் ஓட்டியதில்லை என்பதால், கியர் ஆயிலின் சூடு எப்படியிருக்கும் என்பது பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதியில்லை. லட்சம் கிலோமீட்டர் கடந்த பின் வண்டி எப்படியிருக்கும் என்பதிலும் டொயோட்டாக்காரர்களுக்கு இருக்கும் நிம்மதி எனக்கு இன்னும் வரவில்லை. மறுவிற்பனையிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

கொக்கியைப் பொருத்துவதில் கவனம் தேவை. அது சேசிஸின் இரு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பர் தாங்கியில் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையை விட்டு நாங்கள் உடனே வெளியேறினோம். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்க வழி விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் வண்டியின் கம்பியை நேரடியாக வெட்டி ஒட்டாமல், தனி ரிலே வழியாக எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டிக்கும் சிக்கல் வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பட்டறையில் செய்த டிரெய்லருக்கும் பதிவு கிடைத்துவிடும் என்று எண்ணிப் பணம் கொடுக்காமல், முதலில் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டிலும் அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

பாரக் கணக்கை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைகளை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ; கொக்கியில் அமரும் எடையும் அதோடு சேரும். எங்கள் வீட்டில் ஏழு பேரும் ஏறும் நாளில் டிரெய்லரைப் பூட்டுவதில்லை. சோதனை ஓட்டத்துக்கு வண்டி தரும்போது நான்குவழிச் சாலைக்குத்தான் கூட்டிப் போவார்கள். உங்கள் தோட்டத்துப் பாதைக்கே கொண்டுவரச் சொல்லி, லோ கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு, அந்தச் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அதற்கு ஒப்பாத விற்பனையகத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.